இடது பக்கம், இறக்கைக்கு முன்னால்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, நேற்றுச் சாப்பிட்டது வயிற்றில் தங்கியது. இந்த வீட்டில் இப்போதைக்கு அதற்குப் பெயர்தான் நலம். நீ, அண்ணி, என் மருமகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி எப்படி?

இனிமேல் போன் வேண்டாம், கடிதம் எழுது என்று நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கு "பொருந்திடுச்சுண்ணா" என்றேன். "என்ன பொருந்திடுச்சு?" என்றாய். "உன் கிட்னி எனக்குப் பொருந்துதாம்" என்றேன். அதற்குப் பிறகு பேசியதைவிட இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சியதுதான் அதிகம். என்னோடு விமானத்தில் வேலை பார்த்த தோழி வாரா வாரம் உங்கள் ஊருக்குப் பறந்து வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். உன் பஸ் டெப்போவில் கொடுத்துவிட்டு, நீ எழுதினால் வாங்கியும் வருவாள்.

அந்தப் பெரிய விஷயத்தைப் பற்றி இதில் எழுத மாட்டேன். உன் உடம்பு, உன் முடிவு. போனை வைக்கும்முன் நீ ஒன்று கேட்டாயே, "அவ்வளவு தூரம் பிளேன்லயா?" என்று. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இரண்டு விமானம் மாற வேண்டும். முதலாவது சின்னது, அதில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. காலையில் கிளம்புவதைப் பிடி. ஜன்னல் இருக்கை, இடது பக்கம், இறக்கைக்கு முன்னால். அதாவது 'ஏ' என்று எழுதியிருக்கும். இறக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முன்னால் நிற்கிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டே சினிமா பார்க்கிற கதைதான். சில வரிசையில் ஜன்னலே இருக்காது, சுவர்தான். டிக்கெட் போடுகிறவன் சொல்ல மாட்டான், நீதான் கேட்டு வாங்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் ஒரு கால்மணி நேரம் பனிமலை வரும் பார், கையை நீட்டினால் தொடலாம் போல. ஒன்பது வருஷம் அந்த வழியில் பறந்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு அலுத்ததில்லை.

மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவன் நீ. மலைக்கு மேலே போய் ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

அண்ணிக்கு என் அன்பைச் சொல். முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டு.

உன்
வாலு

~

ஜனவரி 27

என் செல்ல வாலுவுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மருமகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தின்மேல் தலை வைத்துத் தூங்குகிறாள். உன் அண்ணி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுகிறாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் தோழி சீருடையோடு டெப்போவுக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றுவிட்டார்கள். எங்கள் கண்டக்டர், அதுதான் நம் ஒல்லி, இரண்டு நாளாகத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வருகிறான்.

வாலு, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பிளேன் என்றால் பயம். சிரிக்காதே. இருபத்தாறு வருஷமாக ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று ஓட்டுகிறேன், கை நடுங்கியதில்லை. ஆனால் அதே பாதையில் இன்னொருவன் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து வந்தால், ஊர் வந்து சேரும்வரை காலால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே வருவேன். இறங்கும்போது கெண்டைக்கால் கல்லாகியிருக்கும். பிளேனில் எங்கே பிரேக் போடுவது? ஓட்டுகிறவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பானாமே. முகம் தெரியாத ஆள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு நான் ஜன்னலில் மலை பார்க்க வேண்டும், அப்படித்தானே?

உன்னிடம் சில சந்தேகம். ஜன்னல் திறக்குமா? இறக்கை ஆடுமாமே, நிஜமா? குலுக்கினால் அந்த ஆள் நிறுத்துவானா?

லீவு கேட்டிருக்கிறேன். மேலாளர் "பார்க்கலாம்" என்றிருக்கிறார். அவர் பார்க்கலாம் என்றால் எவ்வளவு நாள் பார்ப்பார் என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
அண்ணன்

~

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிஜமாகவே சிரித்தேன். டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் படுத்துக்கொண்டு சிரித்ததால் அது கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்தாள். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பது சந்தோஷம்.

பதில் வாங்கிக்கொள். ஜன்னல் திறக்காது. இறக்கை ஆடும், ஆட வேண்டும், ஆடாமல் விறைத்து நின்றால்தான் பயப்பட வேண்டும். குலுக்கல் என்பது காற்றில் இருக்கிற மேடுபள்ளம், அவ்வளவுதான். பள்ளம் இல்லாத ரோடு நீ ஓட்டியிருக்கிறாயா? பள்ளம் வந்தால் நிறுத்துவாயா, மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டு போவாயா? அந்த ஆளும் அதைத்தான் செய்கிறான்.

டாக்டர் நாள் குறித்திருக்கிறார். ஏப்ரல் பதினெட்டு. யாராவது வருவதாக இருந்தால் முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டுமாம், சில சோதனைகள் பாக்கி இருக்கிறதாம். உனக்குத் தெரிய வேண்டுமே என்று எழுதினேன், வேறொன்றுமில்லை. ஏப்ரலில் மேகமும் குறைவு, மலை சுத்தமாகத் தெரியும்.

இங்கே என் பக்கத்துப் படுக்கையில் ஒரு தையல்காரர் வருவார் என்று சொல்லியிருக்கிறேனா? வாரத்தில் மூன்று நாள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மெஷின். என் சட்டையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதை வெட்டினது, கையை மேல தூக்கினா பிடிக்குமே" என்பார். அவருக்கும் ஒரு தம்பி வருவதாக இருந்தது. போன திங்கட்கிழமை நான் போனபோது அந்தப் படுக்கையில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. புதன்கிழமை அதே படுக்கையில் வேறொரு பெண் படுத்திருந்தாள், எனக்கு வணக்கம் சொன்னாள்.

அதை விடு. இடது பக்கம், மறந்துவிடாதே.

அண்ணிக்கும் மருமகளுக்கும் அன்பு.

உன்
வாலு

~

மார்ச் 3

வாலுவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

லீவு இன்னும் கிடைக்கவில்லை. மேலாளர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு விமான நிலையத்து மதில் ஓரமாக நடந்து போய் நின்று பார்த்தேன். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. சத்தம் காதைப் பிய்த்தது. வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டு வந்துவிட்டோம்.

அந்தத் தையல்காரருக்கு வேறு நோய் ஏதாவது இருந்ததா? வயசு என்ன இருக்கும்? நீ எழுதவில்லையே.

டிக்கெட் பிறகு போட்டுக்கொள்ளலாம், அவசரம் இல்லை என்று ஒல்லி சொல்கிறான்.

அண்ணன்

~

மார்ச் 12

அன்புள்ள வாலுவுக்கு அண்ணி எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்று உன் அண்ணன் எழுதியிருப்பார். நான் அப்படி எழுதப் போவதில்லை.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. லீவு கிடைத்து ஒன்றரை மாதம் ஆகிறது. மேலாளர் கேட்ட அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். போன வாரம் உன் அண்ணன் டெப்போவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சுவரில் இடித்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவில்லை, ஒல்லிதான் வந்து சொன்னான். "அண்ணி, அண்ணன் கண்ணாடியைப் பார்த்துட்டேதான் இருந்தாரு, ஆனா பார்க்கல" என்றான்.

பிளேனுக்குப் பயப்படுகிறார் என்பது பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்த மேஜையில் படுத்துக் கண்ணை மூடுவது. உங்கள் அப்பா ஆபரேஷனுக்குப் போனபோது உனக்கு நாலு வயசு, உனக்கு ஞாபகம் இருக்காது. உன் அண்ணனுக்குப் பதினாறு. "சின்ன ஆபரேஷன் தம்பி, இங்கயே நில்லு, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் வரவே இல்லை. உன் அண்ணன் அந்தக் கதவுக்கு வெளியே உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாராம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்குப் பிறகு சொன்னதில்லை.

நானும் போக வேண்டாம் என்று சொன்னேன். என்னைத் திட்டுவதானால் திட்டு. அவர் போய்விட்டால் பஸ்ஸுக்கு வேறு டிரைவர் வருவான். எனக்கு யார் வருவார்கள்?

நீ நல்லவள். அதனால்தான் கேட்காமல் ஜன்னலைப் பற்றி எழுதுகிறாய். ஆனால் ஒன்று தெரிந்துகொள், கேட்காமல் இருப்பதும் ஒரு வகையில் கேட்பதுதான். உன் கடிதம் வந்த நாளெல்லாம் அவர் சாப்பிடுவதில்லை. கேட்பதானால் வாய்விட்டுக் கேள். இல்லையென்றால் விட்டுவிடு. இப்படி நடுவில் நிறுத்திவைக்காதே.

உன் உடம்பு தேறட்டும் என்று தினமும் நினைக்கிறேன். அதுவும் பொய் இல்லை.

அண்ணி

~

மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மன்னியுங்கள்.

நீங்கள் சொன்ன அத்தனையும் நியாயம். அப்பா விஷயம் எனக்குத் தெரியாது. அண்ணன் என்னிடம் "அப்பா காய்ச்சல்ல போயிட்டாரு" என்றுதான் சொல்லியிருக்கிறான். இத்தனை வருஷமும் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வர வேண்டாம். நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், டாக்டர் வேறு ஆளைப் பார்த்துவிட்டதாகச் சொல்லுங்கள். இங்கே காத்திருப்போர் வரிசை ஒன்று இருக்கிறது. அதில் என் பெயரும் இருக்கிறது. சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது.

அண்ணி, உங்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாய்விட்டுக் கேள் என்றீர்களே, கேட்க முடியாது. ஆனால் வாய்விட்டு அழ முடியும் போலிருக்கிறது. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. விமானத்தில் இருக்கும்போது குலுக்கல் வந்தால் பயணிகள் எல்லோரும் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் சிரித்தால் ஒன்றும் இல்லை என்று அவர்களுக்கு அர்த்தம். அதற்காகவே உள்ளுக்குள் எங்களுக்கும் பயமாக இருந்தாலும் சிரிப்போம், அதுதான் வேலை. இப்போது பார்க்க யாரும் இல்லாமல் தனியாக வீட்டில் உட்கார்ந்துகொண்டும் அப்படியே சிரிக்கிறேன், நிறுத்தத் தெரியவில்லை. படுக்கையை விட்டு எழுந்திருக்கும்போது அந்தச் சுருட்டி வைத்த மெத்தை கண்ணில் வருகிறது.

இதை அண்ணனிடம் காட்டாதீர்கள். அவன் முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாலு

~

ஏப்ரல் 5
விமானத்திலிருந்து. இரண்டாவது விமானத்திலிருந்து!

வாலு,

கையெழுத்து கோணலாக இருந்தால் அது காற்றின் குற்றம் பாதி, என் குற்றம் பாதி. கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதைவிடப் பேனாவைப் பிடித்துக்கொள்வது மேல் என்று எழுத உட்கார்ந்தேன். இறங்கியதும் உன் கையில் கொடுத்துவிடுவேன். உன் முகத்தைப் பார்த்தால் இதையெல்லாம் சொல்ல வராது.

உன் கடிதத்தை அண்ணி என்னிடம் காட்டவில்லை. அடுப்படியில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், நான் பிடுங்கிப் படித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். நேராக டிக்கெட் போடுகிற கடைக்குப் போய் உட்கார்ந்து, "இடது பக்கம், இறக்கைக்கு முன்னால, ஏ எழுத்து, சுவரா இருந்தா பணத்தைத் திருப்பி வாங்கிடுவேன்" என்று சொல்லி வாங்கி வந்துவிட்டாள். மகளுக்குப் பரீட்சை, இல்லாவிட்டால் அவளும் வந்திருப்பாள். வாசலில் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே, "திரும்பி வரல, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்றாள்.

ஆனால் நான் ஒரு திட்டத்தோடுதான் ஏறினேன். உன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா போன் செய்து சொன்னார். எனக்கு இஷ்டம் இல்லையென்றால் டாக்டரிடம் தனியாகச் சொன்னால் போதுமாம். காரணம் எதுவும் சொல்லாமல் "உடம்பு தகுதி இல்லை" என்று மட்டும் உன்னிடம் சொல்லிவிடுவார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உன்னைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அதுதான் திட்டம். அண்ணிக்குக்கூடத் தெரியாது.

முதல் விமானம் முழுக்கத் தரையில் பிரேக் போட்டேன். இரண்டாவதில் ஏறி இடது பக்கம் ஜன்னலில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குப் பார்த்தேன். மேகம். அப்புறம் மேகம். அப்புறம் மண் நிறத்தில் கொஞ்சம் வயல். அந்த நேரம் பார்த்து வலது பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் "ஆ, அங்கே பாரு, அங்கே பாரு" என்று எழுந்து போட்டோ எடுக்கிறார்கள். பனிமலை வலது பக்கம், வாலு! வலது பக்கம்! எனக்கு வந்ததே கோபம். அவ்வளவு பயத்தையும் வயிற்றில் கட்டிக்கொண்டு மூன்று மாதமாக மனப்பாடம் செய்த இடது பக்கம் இதுதானா?

அப்போதுதான் முன்கதவுப் பக்கம் பார்த்தேன். பணிப்பெண் ஒருத்தி சுவரோடு மடங்கும் இருக்கையை இறக்கி உட்கார்ந்து பெல்ட் போட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தபடி, பின்பக்கம் பார்த்து. கதவு ஜன்னல் வழியாக மலையின் வெளிச்சம் அவள் இடது கன்னத்தில் விழுந்தது.

அவளுக்கு இடது! நம் ஒல்லி இப்படித்தான். பின்பக்கம் பார்த்து நின்றுகொண்டு, "அண்ணே, லெஃப்ட்ல ஒருத்தன் தொங்குறான்" என்று கத்துவான். நான் இடது கண்ணாடியைப் பார்த்தால் ஈ காக்கை இருக்காது. அவன் இடது எனக்கு வலது என்று மனதில் திருப்பிப் போட்டுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆள் பயந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். சிரித்து முடித்தபோதுதான் கவனித்தேன், என் கால் பிரேக்கில் இல்லை.

அப்புறம் நினைத்தேன். ஒன்பது வருஷத்தில் நீ ஒரு தடவைகூட அந்த மலையை ஒரு பயணியாக உட்கார்ந்து பார்த்ததில்லை. வேலையெல்லாம் முடித்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, போகிற திசைக்கு முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாய். அதைத்தான் "அலுத்ததில்லை" என்று எழுதினாய். என்னால் தாங்க முடியவில்லை வாலு. உன்னை வலது பக்க ஜன்னலில், முன்னால் பார்த்து உட்கார வைத்து ஒரு தடவையாவது காட்டாமல் நான் எப்படித் திரும்பிப் போவேன்?

இறங்கப் போகிறதாம். மறுபடியும் குலுக்குகிறது. பயமாகத்தான் இருக்கிறது.

அண்ணன்

~

ஏப்ரல் 17, மாலை
நான்காவது மாடியிலிருந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறோம். கிருமி தொற்றிவிடும் என்று இனி உன்னை உள்ளே விட மாட்டார்களாம். நர்ஸ் இதைக் கீழே கொண்டுவருவாள். சாப்பிட்டாயா? தூக்கம் வருமா?

உன் விமானக் கடிதத்தை இத்தனை நாளில் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கிண்டல் செய்வாய். இடது, வலது விஷயத்தில் எனக்கு அவமானம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு அந்த இருக்கையைச் சொல்லியிருக்கிறேன்! அவர்கள் எல்லோரும் என்னைச் சபித்திருப்பார்கள்.

விளையாட்டு இல்லாமல் ஒன்று சொல்கிறேன். விமானத்தில் எடுத்த முடிவு தரையில் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிரித்த நேரத்தில் எடுத்த முடிவு வேறு. இன்றைக்கு ராத்திரிகூட நீ டாக்டரிடம் சொல்லலாம். "உங்க அண்ணன் உடம்பு தகுதி இல்லை" என்று காலையில் என்னிடம் வந்து சொன்னால் நான் நம்புவேன். ஒரு நாளும் உன்னைக் கேட்க மாட்டேன். நிஜமாகவே நம்பிவிடுவேன், அண்ணா. அப்பா காய்ச்சலில் போனார் என்று நம்பினேன் இல்லையா, அப்படி.

அந்தக் கதவுக்கு வெளியே என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாயே. உன்னை அந்தக் கதவுக்கு உள்ளே அனுப்பப் போகிறவள் நான் என்று நினைத்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

உன்
வாலு

~

ஏப்ரல் 17, அதே மாலை
இரண்டாவது மாடியிலிருந்து

வாலுவுக்கு,

சாப்பிட்டேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. உன் அண்ணி சமையலை இனி ஜென்மத்தில் குறை சொல்ல மாட்டேன்.

டாக்டர் வந்தார், கூடவே படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம். "உங்க இடது பக்கத்துக் கிட்னியை எடுக்கப் போறோம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, நீங்க எந்தப் பக்கம் பார்த்து நின்னுக்கிட்டு இடதுன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன். ஏன் என்றார். உன் கதையைச் சொன்னேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். பேனாவை எடுத்து என் விலாவில் பெரிதாக ஒரு அம்பு வரைந்துவிட்டார். இப்போது அழித்தாலும் போகாது.

பிறகு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்களுக்கு முழுச் சம்மதம்தானா? இல்லைன்னா இப்ப சொல்லுங்க, யாருக்கும் தெரியாது" என்றார். ஆமாம் என்று சொல்ல வரவில்லை. "காலையில எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டேன். அவருக்கு அது போதும் போலிருக்கிறது, தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அறையில் யாரும் இல்லை. பயமாக இருக்கிறது வாலு. அப்பாவும் இப்படித்தான் ஒரு அறையில் படுத்திருந்திருப்பார், எனக்குச் சொல்லாமல் பயந்திருப்பார் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அதனால் நான் சொல்லிவிட்டேன்.

"இங்கேயே நில், வந்துவிடுகிறேன்" என்று மட்டும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே.

அண்ணன்

~

ஏப்ரல் 20

வாலுவுக்கு,

நான் எழுந்துவிட்டேன்! இருமினால் விலாவில் கத்தி பாய்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நேற்று நடக்க வைத்தார்கள். உன் அண்ணியிடம் போனில் பேசினேன், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள், அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்? நேற்றே நர்ஸிடம் கேட்டேன், தூங்குகிறாய் என்றாள். இன்றைக்குக் கேட்டேன், தூங்குகிறாய் என்றாள். இரண்டு நாளாக ஒரு மனுஷி தூங்குவாளா? இரண்டு வரி எழுதி அனுப்பு. வெறும் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் போதும்.

அண்ணன்

~

ஏப்ரல் 22

வாலு,

நேற்று முழுக்க உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. டாக்டரை வழிமறித்துக் கேட்டேன். வைத்த கிட்னி இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, சிறுநீர் ஒரு சொட்டுகூட வரவில்லை, உன்னை மறுபடியும் மெஷினில் போட்டிருக்கிறோம் என்றார். "சில சமயம் அப்படித்தான், கொஞ்சம் பொறுங்க" என்றார். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

என்ன தப்பு வாலு? என்னுடையது சரியில்லையா? இத்தனை வருஷம் வண்டியில் குலுங்கிக் குலுங்கிக் கெட்டுப் போயிருக்குமா? இல்லை, நான் மனசு முழுக்க ஒப்பாமல் ஏறியதால் இப்படியா? படித்தவர்கள் சிரிப்பார்கள், ஆனாலும் கேட்கிறேன். பக்கத்து அறையில் யாரோ மெத்தையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து கதவைச் சாத்திவிட்டேன்.

நாளைக்கு உன் மாடிக்கு ஏறி வந்து அந்தக் கதவுக்கு வெளியே நிற்கப் போகிறேன். உள்ளே விட வேண்டாம், நிற்க விட்டால் போதும். எனக்கு நின்று பழக்கம்தான்.

ஏதாவது எழுது, தாயே.

அண்ணன்

~

ஏப்ரல் 23

அண்ணா,

ஒண்ணுக்கு வந்துடுச்சு!

காலையில் நர்ஸ் என் கட்டிலுக்குக் கீழே குனிந்து பையைப் பார்த்தாள். பார்த்தவள் எழுந்திருக்கவே இல்லை. செத்தேன் என்று நினைத்தேன். பிறகு, "டாக்டர், பை நிறைஞ்சிருக்கு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். எனக்குக் கொஞ்சம்கூட வெட்கம் வரவில்லை. டாக்டர் ஓடி வந்தார், பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஏதோ கோப்பை ஜெயித்த மாதிரி. தங்க நிறம், அண்ணா. கெட்டுப்போனது இப்படியா வேலை செய்யும்?

உன் இரண்டு கடிதமும் அன்றைக்கன்றைக்கே வந்துவிட்டன. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள், உறையோடு வைத்துத்தான் படித்தேன். பேனா கொடுங்கள் என்று வாங்குவேன், பிறகு என்ன எழுதுவது? நீ கொடுத்ததை வீணாக்கிவிட்டேன் என்றா? உன்னிடம் பொய்ச்சிரிப்பு சிரிக்கவும் மனம் வரவில்லை. அதனால்தான் எழுதவில்லை. மன்னித்துவிடு.

டாக்டரிடம் கேட்டேன், ஏன் இத்தனை நாள் என்று. "இடம் மாறினா சில கிட்னி பயந்து சுருங்கிக்கும்மா, மெதுவாத்தான் தெளியும்" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் தையல் வலித்தது. அப்படியே உன் கிட்னிதான். ஏறவே மாட்டேன் என்று அடம் பிடித்துவிட்டு, ஏறிய பிறகு யார் சொன்னாலும் நிற்கவில்லை.

கண்ணாடி வழியாக நீ நிற்பது எனக்குத் தெரிகிறது. விலாவைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாய். யாரும் இன்னும் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நர்ஸ் இப்போது உன்னிடம்தான் வருகிறாள். அவளைச் சீக்கிரம் திருப்பி அனுப்பு, பை மறுபடியும் நிறைந்துவிட்டது.

உன்
வாலு